கண்ணை மூடினால் கணக்குத்தான் வருகிறது

போன இதழில், ஒரு பதிலுக்கு நடுவே யோக நித்திரையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒருவர் சொல்லச் சொல்ல உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனித்துக்கொண்டு போவது, செலவில்லாதது, ஒரு பாய் இருந்தால் போதும் என்று. அதற்கு வந்த கடிதங்கள் மேஜை கொள்ளவில்லை. மாவடு ஊறுகாய்க்குக்கூட இவ்வளவு வந்ததில்லையாம். ஊரில் பாதிப் பேர் விழித்துக்கொண்டுதான் கிடக்கிறார்கள் போல. ஆகவே இந்த முறை முழுக்க அதே பேச்சு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், அதில் பாதி நைட் டியூட்டி. ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். இனி உங்கள் கடிதங்களும் என் பதில்களும்.

தினமும் ராத்திரி பத்து மணிக்குப் போனில் யோக நித்திரை ஆடியோ போட்டுக்கொண்டு படுக்கிறேன். 'வலது கட்டைவிரல், சுட்டுவிரல்' என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குச் சீட்டுப் பணம், பால் கணக்கு, மகளின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. ஆடியோ முடிந்துவிடுகிறது. தூக்கம் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்? (இல்லத்தரசி, கோவில்பட்டி)

ஒரே ஒரு தப்புதான் அம்மா. தூக்கத்துக்குக் காவல் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள். கடைசி பஸ்ஸுக்காக மூட்டை முடிச்சோடு காத்திருப்பவர் கண்ணயர்வாரா? 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று எட்டி எட்டிப் பார்க்கிற மனசும் அப்படித்தான்.

என் கதையைக் கேளுங்கள். வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி ரவுண்டு. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆன பிறகும் இரண்டு மணிக்கு டாண் என்று கண் திறந்துவிடும். ஊசி போட ஆள் இல்லை, பக்கத்தில் வீட்டுக்காரர் குறட்டைதான். நானும் உங்களைப் போலவே போனில் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன். 'உங்கள் உடம்பு இறகு போல மிதக்கிறது' என்று ஒரு அம்மா குழைந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவே புகுந்தது விளம்பரம்: 'உங்கள் நகைக்கு உடனடிக் கடன்!' தூக்கிவாரிப்போட்டு எழுந்தவள்தான், அன்றைக்கு விடிய விடியக் கொட்டக் கொட்ட முழித்திருந்தேன். (ஆகவே, கேட்பதானால் ஆடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, போனின் நெட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.)

அப்புறம் ஒருவரிடம் நேரில் போய்ப் பழகினேன். அவர் முதல் நாளே சொன்னது, 'ராத்திரி செய்யாதீர்கள், பகலில் செய்யுங்கள்.' தூக்கம் இல்லை என்று வந்தவளிடம் பகலில் படு என்கிறாரே என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. பகலில் படுக்கும்போது தூங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூங்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. அந்தக் கவலையற்ற இருபது நிமிஷத்தில்தான் உடம்பு எப்படித் தளர்வது என்று கற்றுக்கொள்கிறது. நீங்களும் ஒரு பதினைந்து நாள் மத்தியானமோ சாயங்காலமோ செய்து பாருங்கள். வழி பழகிவிட்டால் ராத்திரியும் உடம்பு அதே வழியில் போகும். எனக்கு மூன்றாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. அதுவும் பெரிதாக ஒன்றும் இல்லை: இரண்டு மணிக்குக் கண் திறந்தது, ஆனால் பயம் வரவில்லை.

கணக்கு வருகிறதா, வரட்டும். 'பால் கணக்கு' என்று மனசுக்குள் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிட்டு, குரல் இப்போது எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். விட்டுப்போன விரல்களைத் தேடித் திரும்பிப் போக வேண்டாம். எட்டு மணிக்கே ஒரு நோட்டில் நிஜமாகவே கணக்கை எழுதி மூடி வைத்துவிடுவதும் உதவும். என் வகுப்பில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அதிலேயே பாதி சரியாகிவிட்டது.

இன்னொன்று. படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் கட்டிலிலேயே புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்துபோய் மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள், பூண்டு உரியுங்கள். கண் சொக்கியதும் திரும்பி வாருங்கள். கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள், இருபது நிமிஷம் என்பதும் ஒரு குத்துமதிப்புதான். 'கட்டில் என்றால் விழித்துக் கிடக்கிற இடம்' என்று உடம்பு படித்து வைத்திருப்பதை மாற்றுகிற வேலை இது. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் சொன்ன முறை. இதோடு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தூக்கத்தைப் பற்றிய பயங்களைப் பேசித் தீர்ப்பது எல்லாம் சேர்ந்த சிகிச்சையைத்தான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2016இல் பரிந்துரைத்தது. மாதக்கணக்கில் தூங்கவில்லை என்றால் என் பத்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

யோக நித்திரை, சவாசனம், தியானம் மூன்றும் ஒன்றுதானா? இது வடநாட்டுச் சரக்கா, நம்முடையதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், சேரன்மகாதேவி)

ஐயா, இந்தக் கதையின் ஒரு முனை உங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறது. சொல்கிறேன்.

சவாசனம் என்பது பிணம் போலப் படுக்கிற ஆசனம். 15ஆம் நூற்றாண்டு நூலான ஹடயோகப் பிரதீபிகையிலேயே, அது களைப்பைப் போக்கும், மனசுக்கு ஓய்வு தரும் என்று இருக்கிறது. தியானம் பெரும்பாலும் உட்கார்ந்து செய்வது. யோக நித்திரை என்பது பழைய சொல். தமிழில் அதற்கு அறிதுயில் என்ற அருமையான வார்த்தை உண்டு. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பாம்பணையில் கிடக்கிறாரே, அந்தத் துயில். பார்த்தால் தூக்கம், உள்ளே விழிப்பு.

ஆனால் இன்றைக்கு ஒருவர் குரல் கொடுக்க, கட்டைவிரலில் தொடங்கி உடம்பைச் சுற்றி வருகிறோமே, அந்த வடிவம் அவ்வளவு பழையது இல்லை. பீகாரில் முங்கேர் என்ற ஊரில் யோகப் பள்ளி நடத்திய சுவாமி சத்யானந்த சரஸ்வதி அமைத்தது. உடம்பின் ஒவ்வொரு இடத்தையும் தொட்டு மந்திரம் சொல்லும் நியாசம் என்ற தாந்திரீக முறையை எடுத்து, மந்திரத்தைக் கழித்துவிட்டு, எல்லோரும் செய்யும்படி ஆக்கினார். 1976இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். சரி, அவருடைய குரு யார்? ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர். மலேயாவில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு இமயமலைப் பக்கம் போனவர். பிறந்தது 1887இல், உங்கள் பத்தமடையில்!

கோரைப்பாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவருடைய சீடர் உலகத்தையே பாயில் படுக்கவைத்துவிட்டார் என்று வகுப்பில் சொல்வேன். நானாகப் போட்ட முடிச்சுதான். ஆனால் பத்தமடைக்காரர் யாராவது இருந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது.

நடுவிலேயே தூங்கிவிடுகிறேன். பலன் உண்டா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பாதி ஊர் உன்னைப் பார்த்துப் பொறாமைப்படும் கண்ணு. ராத்திரியில் தூங்கிவிட்டால் நல்லதாகப் போயிற்று, விட்டுவிடு. பகல் வகுப்பில் விழித்திருக்கச் சொல்வோம், ஏனென்றால் அங்கே நோக்கமே அந்த இடைப்பட்ட நிலையில் கொஞ்ச நேரம் தங்குவது. சத்யானந்தர் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ரிஷிகேசத்தில் ஒரு வேத பாடசாலைக்கு அவர் ராக்காவல். விடியற்காலையில் பையன்கள் வேதம் ஓதும்போது இவர் அசந்து தூங்குவார். பின்னால் ஒரு விழாவில் அந்தப் பையன்கள் ஓதியபோது, கற்றே இராத மந்திரங்கள் தனக்குத் தெரிந்திருப்பதைக் கண்டு திகைத்தாராம். இதை நம்பித் தேர்வுக்கு முதல் நாள் பாடத்தைப் போனில் போட்டுக்கொண்டு தூங்கிவிடாதே. நான் முதல் நாள் வகுப்பில் குறட்டையே விட்டவள். எழுப்பிவிட்டது என் பக்கத்துப் பாய்க்காரர்களின் சிரிப்பு.

ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட். காலை எட்டரைக்குப் படுக்கிறேன். உடம்பு செத்துக் கிடக்கிறது, ஆனால் உள்ளே மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'கவனியுங்கள், உணருங்கள்' என்று சொன்னால் எனக்குப் பொறுமை இல்லை. வேறு வழி உண்டா? (ராஜபாளையம்)

உண்டு தம்பி. உங்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சனின் முறை சரிப்படும். அமெரிக்கர், சாமியார் இல்லை, ஆராய்ச்சிக்கார டாக்டர். திடீர்ச் சத்தம் கேட்டால் மனிதர்கள் எப்படித் திடுக்கிடுகிறார்கள் என்று 1908இல் ஹார்வர்டில் ஆராயத் தொடங்கியவர், தசை நன்றாகத் தளர்ந்திருப்பவர்கள் அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை என்று கண்டார். அதை வளர்த்து 1929இல் புத்தகமாகவே எழுதினார். அவருடைய முறையைப் பின்னால் வந்தவர்கள் சுருக்கியதைத்தான் இப்போது எல்லோரும் செய்கிறோம்.

படுத்துக்கொண்டு வலது கையை இறுக்கி மூடுங்கள். முழு பலமும் வேண்டாம், முக்கால் பலம். ஐந்து வரை எண்ணுங்கள். சட்டென்று விடுங்கள். விட்டபிறகு இருபது வரை எண்ணும் அளவுக்குச் சும்மா கிடங்கள். கைக்குள் ஏதோ பரவுகிற மாதிரி இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் இடது கை, புஜம், தோளைக் காது வரை தூக்கி விடுவது, முகத்தைச் சுளித்து விடுவது, வயிறு, தொடை. பாதத்தை மட்டும் ஜாக்கிரதையாக. நாள் முழுக்க நின்ற காலை முறுக்கினால் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும், நான் அலறியிருக்கிறேன்.

மில்லில் கடைசி டீயை ராத்திரி இரண்டு மணியோடு நிறுத்துங்கள். டீ, காப்பியில் உள்ள காஃபீன் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை, கண்ணுக்கு மடித்த துண்டு. வாசலில் 'நைட் டியூட்டி, மணி அடிக்காதீர்' என்று ஒரு அட்டை மாட்டினேன் நான். அதைப் படித்துக் காட்டச் சொல்லியே மணி அடித்த உறவுக்காரர்களும் உண்டு.

என் அம்மாச்சிக்கு 74 வயது, முழங்கால் வலி, ராத்திரி தூக்கம் இல்லை. போன் குரல் அவருக்குப் புரியவில்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆசை. எப்படிச் சொல்வது என்று எழுதித் தருவீர்களா? (பள்ளி ஆசிரியை, அருப்புக்கோட்டை)

இந்த மூட்டையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இது.

முதலில் ஆளைச் சரியாகப் படுக்க வையுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணையை உருட்டி வைத்தால் இடுப்பும் முட்டியும் இழுக்காது. கழுத்துக்கு அடியில் மடித்த துண்டு. படுத்துக் கிடந்தால் உடம்பு குளிரும், ஆகவே மேலே ஒரு பழைய நூல் புடவை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், பாத்ரூம் போய் வந்திருக்கட்டும். மல்லாந்து படுக்க முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கட்டும், குடி முழுகிவிடாது.

குரலில் பாட்டு வேண்டாம், குழைவும் வேண்டாம். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற வேகமும் வேண்டாம். அடுப்படியிலிருந்து அவரோடு பேசுவீர்களே, அந்தக் குரல் போதும். முக்கியமாக, 'தளர்த்துங்கள், தளர்த்துங்கள்' என்று சொல்லாதீர்கள். தளரச் சொல்லி ஆணையிட்டால் உடம்பு விறைக்கும். இடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

'அம்மாச்சி, நான் சொல்கிற இடத்துக்கு மனசு போனால் போதும், எதையும் அசைக்க வேண்டாம்' என்று தொடங்குங்கள். வலது கை கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல். உள்ளங்கை. புறங்கை. மணிக்கட்டு. முழங்கை. தோள். அக்குள். விலா. இடுப்பு. தொடை. முழங்கால். கெண்டைக்கால். கணுக்கால். குதிகால். உள்ளங்கால். கால் விரல்கள் ஐந்தும், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பெயருக்கும் இடையே ஒரு மூச்சு நேரம். வலி உள்ள முழங்காலில் நிற்காமல், மற்ற இடங்களைப் போலவே கடந்து போங்கள். அப்புறம் இடது பக்கம் இதே வரிசை. பிறகு முதுகு. பிறகு உச்சந்தலையிலிருந்து நெற்றி, புருவம், இமை, மூக்கு நுனி, உதடு, தாடை, தொண்டை, நெஞ்சு, வயிறு. விரலையும் உதட்டையும் அவ்வளவு நுணுக்கிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூளையில் அந்த இரண்டுக்கும் ஒதுக்கிய இடம், முதுகு முழுமைக்கும் ஒதுக்கியதைவிடப் பெரிது.

அடுத்து மூச்சு. 'வயிறு எழும்புகிறது 27, அமர்கிறது 27, எழும்புகிறது 26' என்று இறங்குமுகமாக. எண்ணிக்கை தப்பினால் மறுபடி 27. தப்பும், தப்பட்டும்.

அதற்குப் பிறகு எதிரெதிர் உணர்ச்சிகள். கனம்: மழையில் நனைந்த கோணிச் சாக்கு போல உடம்பு. லேசு: இலவம்பஞ்சு. சூடு: சித்திரை மாத மொட்டை மாடி. குளிர்: மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர். கடைசியில் சில காட்சிகள். ஆடியோக்களில் பனிமலை, நீலக்கடல் என்று வரும். அருப்புக்கோட்டை அம்மாச்சிக்குப் பனிமலை எதற்கு? அவர் பார்த்தவற்றைச் சொல்லுங்கள்: தறிச் சத்தம், அகல் விளக்கு, மல்லிகைப் பந்தல், முதன்முதலில் ரயில் ஏறிய நாள். அவரிடமே ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி என்றால் அப்படியே குரலைத் தாழ்த்தி நிறுத்திவிட்டு விளக்கை அணைத்துவிடலாம். பகலில் செய்தால் விரல்களை அசைத்து, ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து ஒரு நிமிஷமாவது கட்டிலில் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். வயதானவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வார்டில் நான் பார்த்த இடுப்பெலும்பு முறிவுகளில் பல, இப்படி எழுந்து விழுந்ததுதான்.

இதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா? (ஓசூர்)

கொஞ்சம் உண்டு. 2002இல் டென்மார்க்கில் யோக நித்திரையின்போது மூளையைப் படம் பிடித்து, டோபமைன் என்ற ரசாயனம் கூடுதலாகச் சுரப்பதைக் காட்டினார்கள். ஆனால் சோதித்தது எட்டே பேரை, அதுவும் நன்றாகப் பழகியவர்களை. அதை வைத்துக்கொண்டு 'அரை மணி நேரம் நாலு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கத்துக்குப் பதில் தூக்கம்தான்.

கணவர் பயங்கரமாகக் குறட்டை விடுகிறார். சில சமயம் மூச்சே நின்று, திணறி, மறுபடி வருகிறது. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறார். அவருக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாமா? (திண்டுக்கல்)

பாயை மடித்து வையுங்கள், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அல்லது நுரையீரல் மருத்துவர். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் இருக்கிறது. இந்த வாரமே போங்கள். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கண்ணை மூடிப் படுத்து 'தளருங்கள்' என்று கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. பழைய விஷயங்கள் வருகின்றன. எல்லோருக்கும் நல்லது என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன்? (பெயர், ஊர் வேண்டாம்)

உங்களுக்கு மட்டும் இல்லை அம்மா. எப்போதும் உஷாராகவே இருந்து தப்பித்த உடம்புக்கு, தளர்வதே ஆபத்து போலத் தோன்றும். கண்ணை மூட வேண்டாம். படுக்கவும் வேண்டாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடி, தரையில் பாதம் படுவதை மட்டும் இரண்டு நிமிஷம் கவனியுங்கள். கையில் ஒரு சில்லென்ற செம்பு வைத்துக்கொள்ளலாம். அதுவே கஷ்டம் என்றால் விட்டுவிடுங்கள், இது ஒன்றும் விரதம் இல்லை. அந்தப் பழைய விஷயங்களை ஒரு ஆலோசகரிடம் பேசுவது நல்லது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள், காசில்லை.

யோக நித்திரையில் சங்கல்பம் வைக்கச் சொல்கிறார்கள். 'என் மகனுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைக்க வேண்டும்' என்று வைக்கலாமா? (விழுப்புரம்)

அது கோயிலில் வைக்க வேண்டியது. சங்கல்பம் உங்களைப் பற்றியதாக, ஒரே வரியாக இருக்கட்டும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு விரல்களுக்குப் போய்விடலாம். நான் ஒரு வருஷம் அப்படித்தான் செய்தேன்.

தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாமா? (கும்பகோணம்)

மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள். குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக்கொடுத்த டாக்டர் வேலை. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? (மதுரை)

போன செவ்வாய்க்கிழமை தூங்கவில்லை. பேத்திக்குக் காய்ச்சல் என்று பெங்களூரிலிருந்து போன், அதோடு ராத்திரி இரண்டுக்கு விழிப்பு வந்துவிட்டது. விரல்களைச் சுற்றி இரண்டு தடவை போனேன், 27இலிருந்து எண்ணினேன், 19இல் தெர்மாமீட்டர் ஞாபகம் வந்தது. எழுந்து மாடிக்குப் போய் வகுப்புப் பாய்களை எல்லாம் பிரித்து, உதறி, மறுபடி சுருட்டி வைத்தேன். பதினொரு பாய். பால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போது பன்னிரண்டாவது பாயின் மேல் படுத்திருந்தேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.